எண்பத்தைந்தாவது நிமிடத்துக் கொடி

கோப்பையைப் பற்றி ஸ்கோர்காரருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று சங்க அலுவலகத்தில் எல்லோரும் சொல்வார்கள். அவரும் அடக்கத்துக்காகக்கூட அதை மறுத்ததில்லை. பல நாட்டுக் கிளப்புகள் மோதும் கால்பந்துக் கோப்பை அது. இந்த வருடம் ஐம்பதாவது. முதல் வருடம் எட்டே கிளப்புகள். அதில் ஒன்று கப்பலை விட்டு இறங்கியபோது அவர்கள் ஆட வேண்டிய ஆட்டத்தின் தேதி போய் மூன்று நாளாகியிருந்தது. நான்காம் வருட அரையிறுதி எத்தனை ஆடியும் சமனாகவே முடிந்ததால், நடுவர் தன் தொப்பிக்குள் இரண்டு சீட்டைப் போட்டுக் குலுக்கி ஒரு கிளப்பை இறுதிக்கு அனுப்பிவிட்டார். தோற்ற கிளப்பின் ஆட்கள் அந்தத் தொப்பியைப் பிடுங்கிக் கிழித்தே விட்டார்கள். தொப்பி என்ன நிறம் என்று கேட்டால் அதையும் சொல்வார். சாம்பல்.

எல்லாம் ஐம்பது செருப்புப் பெட்டிகளில் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு பெட்டி, ஆட்டத்துக்கு ஒரு கார்டு. எந்த நிமிடத்தில் யார் கோல் போட்டார், யாரை வெளியே அனுப்பினார்கள், மழை எப்போது தொடங்கி எப்போது விட்டது என்று கருப்பு மையில் பொடி எழுத்தாக எழுதியிருப்பார். அவருடைய இரண்டு அறை வீட்டில் காற்றோட்டமான அறை பெட்டிகளுக்கு. புழுக்கமான அறை அவருக்கு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோப்பையைக் கட்டிக்கொண்டவனுக்கு எவள் கழுத்தை நீட்டுவாள் என்று அக்கா வெகுகாலம் கேலி செய்துகொண்டிருந்தாள். பிறகு அவளுக்கும் அலுத்துவிட்டது.

ஓர் எண்ணை யாராவது மாற்றிச் சொல்லிவிட்டால் மனிதர் மல்லுக்கு நிற்பார். பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு பழைய ஆட்டக்காரர், கைத்தடியை ஊன்றிக்கொண்டு அலுவலகப் படியேறி வந்தார். பதினோராம் வருடத்தில் இன்னொருவர் பேரில் எழுதியிருக்கும் கோல் தன்னுடையது என்றார். பந்து தன் முழங்காலில் பட்டுத்தான் உள்ளே போனது, இன்றைக்கும் அந்த இடம் வலிக்கிறது என்று ஆவேசமாகச் சொன்னார். ஸ்கோர்காரர் கார்டை எடுத்து நீட்டினார். கார்டில் வேறு பேர். கிழவர் கண் கலங்கப் படியிறங்கினார். அன்றைக்கு ஸ்கோர்காரர் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னதைத்தான் சங்கம் பின்னால் வரலாற்று நூல் குழுவின் முதல் விதியாக எழுதிக்கொண்டது: கார்டிலோ அச்சிலோ இல்லாதது வரலாற்றில் சேராது, நினைவு சாட்சி ஆகாது.

அப்படிப்பட்டவருடைய ஆறாவது பெட்டியில் ஒரு கார்டு பொய். அது பொய் என்று அவருக்குத் தெரியும். நாற்பத்துநான்கு வருடமாக அந்தப் பெட்டியின் மேல் வேறு பெட்டியை வைக்காமல், ஒரு ஓரத்தில் தனியாக வைத்திருந்தார். ஏன் என்று கேட்க வீட்டில் ஆள் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

பொன்விழா நூல் அச்சுக்குப் போக இரண்டு வாரம் இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அக்கா மகள் வந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். சட்டைப்பையில் பேனாவும் பஞ்சுமாக நேரே வேலையிலிருந்து வந்திருந்தாள். உட்காரச் சொன்னார்; உட்காரவில்லை. கைப்பையிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து மேசையில் வைத்தாள். பொன்விழா நூலிலிருந்து ஒரு பக்கத்தை முன்னோட்டமாகப் போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு வரிக்கு அடியில் அவள் கோடு போட்டிருந்தாள்.

‘எண்பத்தைந்தாவது நிமிடத்திலேயே பச்சைக் கொடி காட்டப்பட்டும், வடக்கு கேட் காவலாளி கேட்டைத் திறக்காமல் பூட்டிவிட்டு இடத்தை விட்டு அகன்றதே இருபத்துமூன்று உயிர்கள் போகக் காரணம்.’

ஸ்கோர்காரருக்கு அதைப் படிக்கவேண்டிய அவசியம் இல்லை. அவர் எழுதியதுதான்.

“மாமா, இதைக் கல்லுலயும் வெட்டப் போறாங்களாம். அந்த கேட் பக்கத்துலயே நிறுத்தப் போறாங்க” என்றாள். “அப்பா பேரு இதுல இல்ல. ஆனா அந்தக் காவலாளி யாருன்னு தெரியாதவங்க யாரு இருக்கா? உண்மை எது, பொய் எதுன்னு நான் கேக்க வரல. அந்த ஒரு வரியை மட்டும் எடுக்கச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க.”

சொல்கிறேன் என்றார். அவள் தலையாட்டிவிட்டுப் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிப் போனாள். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவள் போனபிறகு ஸ்கோர்காரர் வெகுநேரம் அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோடு ரத்தப் பரிசோதனைக் கூடத்துப் பேனாவால் போட்டது, நேராக, கை நடுங்காமல். அவள் பிறந்தபோது அவள் அப்பா சிறையில் இருந்தார்.

அந்தக் கதை இதுதான்.

ஸ்கோர்காரருக்கு அப்போது பத்தொன்பது வயது. அவருக்கு மைதானத்தில் வேலை வாங்கிக் கொடுத்ததே அத்தான்தான், அதாவது அக்காவின் புருஷன். அத்தான் வடக்கு கேட் காவலாளி. மச்சினன் ஸ்கோர் பலகையில். பலகை என்றால் உயரத்தில் ஒரு மரக்கூண்டு. கொக்கிகளில் தகர எண்களை மாட்டவேண்டும். இன்னொரு வேலையும் உண்டு. கேட் காவலாளிகள் ஸ்டாண்டுக்கு வெளியே, மாடிப்படியின் அடியில் நிற்பவர்கள். அவர்களுக்கு ஆட்டம் தெரியாது, கூண்டின் முதுகுப்பக்கம் மட்டும்தான் தெரியும். அதனால் ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது கூண்டின் பின்பக்கம் ஒரு கொடி கட்டவேண்டும். பச்சை என்றால் ஆட்டம் முடியப்போகிறது, கேட்டைத் திற. சிவப்பு என்றால் கூடுதல் நேரம் உண்டு, கேட்டைப் பூட்டு. கூடுதல் நேரம் என்று தெரிந்தால் வெளியே சீட்டில்லாமல் நிற்கும் கூட்டம், திறந்த கேட் வழியாக ஓசியில் உள்ளே பாயும். அதனால் பூட்டிவிட்டு, காவலாளிகள் எல்லோரும் தலைவாசலுக்கு ஓடி அங்கே கூட்டத்தைத் தடுக்கவேண்டும். அதுதான் முறை. இரண்டு கொடியையும் தையல் மிஷினில் தைத்துக் கொடுத்தவள் அக்கா.

ஆறாம் வருடம் அரையிறுதி. வெளிநாட்டில் நடந்த முதல் ஆட்டத்தில் நம் கிளப் ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றிருந்தது. இரண்டாவது ஆட்டம் இங்கே. அறுபத்தோராவது நிமிடத்தில் நம் ஆட்கள் ஒரு கோல் போட்டார்கள். அதற்குமேல் எதுவும் நடக்கவில்லை. கூட்டினால் இரண்டுக்கு இரண்டு. பழைய வழக்கப்படி அரை மணி கூடுதல் நேரம்.

ஆனால் தொப்பிக் கலாட்டாவுக்குப் பிறகு விதியை மாற்றியிருந்தார்கள். இரண்டு ஆட்டமும் சேர்த்துச் சமம் என்றால், எதிரியின் மைதானத்தில் யார் அதிகம் கோல் போட்டார்களோ அவர்கள் ஜெயித்த மாதிரி. நம் கிளப் அங்கே ஒன்று போட்டிருந்தது. அவர்கள் இங்கே ஒன்றும் போடவில்லை. அதாவது இந்த ஆட்டம் தொண்ணூறு நிமிடத்தில் முடிந்துவிடும். இரண்டு பக்கச் சுற்றறிக்கையை அன்று காலையில்தான் கொடுத்தார்கள். முதல் பக்கத்தை மட்டும் படித்த ஸ்கோர்காரர், அந்த விதி கூடுதல் நேரத்துக்கும் பிறகுதான் என்று தானாக முடிவு செய்துகொண்டார். இரண்டாம் பக்கம் சட்டைப்பையில் மடித்தபடியே இருந்தது. எண்பத்தைந்தாவது நிமிடத்தில் சிவப்பைக் கட்டினார்.

அத்தான் சிவப்பைப் பார்த்தார். பூட்டினார். தலைவாசலுக்கு ஓடினார். செய்ய வேண்டியதைச் செய்தார், அவ்வளவுதான்.

விசில் ஊதியதும் ஆட்டக்காரர்கள் கட்டிப்பிடித்து உருண்டார்கள். ஸ்கோர்காரர் அடுத்த பாதிக்குத் தகர எண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் நம் கிளப் இறுதிக்குப் போகிறது என்ற அறிவிப்பு வந்தபோதுதான் அவருக்குத் தன் தப்பு உறைத்தது. வடக்கு ஸ்டாண்டின் நாலாயிரம் பேரும் ஆடிக்கொண்டும் பாடிக்கொண்டும் படியிறங்கினார்கள். கீழே கேட் பூட்டியிருக்கிறது என்பது முன்வரிசைக்குத் தெரிந்தது, பின்வரிசைக்குத் தெரியவில்லை. பின்னால் இருந்தவர்கள் பாடுவதை நிறுத்தச் சில நிமிடங்கள் ஆயிற்று.

அந்தச் சில நிமிடங்களில் ஸ்கோர்காரர் செய்தது ஒரே காரியம். சிவப்பை அவிழ்த்துவிட்டுப் பச்சையைக் கட்டினார். யாரையும் ஏமாற்றவேண்டும் என்று நினைத்து அல்ல. கேட்டைத் திறக்கச் சொல்ல அவருக்குத் தெரிந்த பாஷை அது ஒன்றுதான். ஆனால் அதைப் பார்க்கக் கேட்டில் ஆள் இல்லை. பத்திரிகைப் படக்காரர் ஒருவர்தான் பார்த்தார். வரிசையாகப் படுக்கவைத்த உடல்கள், பின்னால் கூண்டில் தொங்கும் கொடி. மறுவாரம் ஒரு பத்திரிகையில் வண்ணத்தில் வந்தது. பச்சை.

விசாரணை அறையில் அவரிடம் கேட்டது ஒரே கேள்வி. எண்பத்தைந்தாவது நிமிடத்தில் என்ன கொடி? அத்தான் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சிவப்பு என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். இனி மச்சினன் சொல்லப்போகிறான் என்று தைரியமாக இருந்தார். ஸ்கோர்காரர் ‘பச்சை’ என்றார். பயம். இருபத்துமூன்று பேர் என்ற எண்ணைத் தன் தலைமேல் வாங்கிக்கொள்ளப் பயம். அதற்கு வேறு பேர் வைத்துப் பூசி மெழுகுவதில் அர்த்தமில்லை. வீட்டுக்கு வந்து அன்றைய குறிப்புத்தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒரு கார்டு எழுதினார். ‘85 – பச்சை.’

அத்தானுக்கு நாலு வருடம் கிடைத்தது. அவர் வெளியே வந்த அதே மாதம் கோப்பையின் பத்தாம் ஆண்டு மலர் வெளியாயிற்று. எழுதியவர் ஸ்கோர்காரர், ஏனென்றால் கார்டு வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அந்த வரியை எழுதாமல் விட்டிருக்கலாம். விட்டால் ஏன் விட்டாய் என்று யாராவது கேட்பார்களோ என்று எழுதினார்.

இப்போது அக்கா மகளுக்குச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவர், மூன்று நாள் சாப்பாடு இறங்காமல் கிடந்தார். வரியை எடுக்கச் சொல்வது சுலபம். அலுவலகத்துக்கு ஒரு போன் போதும். ஆனால் எடுத்தால் மட்டும் போதுமா என்று ஒரு வீம்பு வந்துவிட்டது அவருக்கு. வாழ்நாள் முழுக்கத் தப்பைத் திருத்தியே பழகிய மனிதர். தப்பை அழித்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட அவருக்குத் தெரியாது. நாலு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். சிவப்பு, சுற்றறிக்கையின் இரண்டாம் பக்கம், கிழித்த குறிப்புத்தாள், எல்லாம். கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, எடுத்துக்கொண்டு அலுவலகம் போனார்.

நூலின் பதிப்பாசிரியை முப்பது வயதுப் பெண். கெட்டிக்காரி, மரியாதை தெரிந்தவள். அவரைத் தன் நாற்காலியிலேயே உட்காரவைத்துவிட்டு நின்றுகொண்டே கடிதத்தைப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். பிறகு அலமாரியிலிருந்து ஐந்து புத்தகங்களை எடுத்து மேசைமேல் அடுக்கினாள். ஐந்தும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஆட்கள் எழுதிய கோப்பை வரலாறுகள். ஐந்திலும் காகிதத் துண்டு வைத்து அந்தப் பக்கத்தை அடையாளம் செய்திருந்தாள்.

“அஞ்சுலயும் பச்சைன்னுதான் சார் இருக்கு” என்றாள்.

“அஞ்சும் என்னைப் பார்த்து எழுதினதும்மா.”

“அந்தப் போட்டோ?”

“அது அப்புறம் கட்டினது. அதையும் எழுதியிருக்கேன் பாருங்க.”

அவள் கடிதத்தை மடித்தாள். பிறகு ஆறாவது வருடத்துக் கார்டின் நகலை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவருடைய கையெழுத்து, அவருடைய மை. இது யாருடைய கார்டு என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட இவ்வளவு சங்கடமாக இருந்திருக்காது.

“நீங்க அவரோட மைத்துனர்னு குழுவுல எல்லாருக்கும் தெரியும் சார்” என்றாள் மெதுவாக. “குடும்பத்துக்காக நீங்க உங்க பேரையே விட்டுக்குடுக்க வந்திருக்கீங்க. எனக்கு அது புரியாம இல்ல. ஆனா நினைவு சாட்சி ஆகாதுன்னு சொன்னதே நீங்கதானே.”

நான் பொய் சொன்னேன் என்பதைச் சத்தியம் செய்து சொல்லியும் நம்பாத ஆளிடம் இனி எதை வைத்துச் சத்தியம் செய்வது என்று ஸ்கோர்காரருக்குத் தெரியவில்லை. சரி, கடிதத்தை விட்டுவிடுங்கள், அந்த வரியையாவது எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினார். கெஞ்சிப் பழக்கமில்லாததால் அதட்டுவது போல வந்தது.

அவள் முகத்தில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. நேற்று வந்து வாயால் சொல்லியிருந்தால் இடம் போதவில்லை என்று எடுத்திருப்பேன் என்றாள். இப்போது எழுத்தில் ஆட்சேபம் வந்துவிட்டது, பதிவேட்டில் ஏறிவிட்டது. ஆட்சேபம் வந்த தகவலை எடுக்க முடியாது, ஆதாரத்தைக் காட்டிப் போட்டே ஆகவேண்டும். அதுவும் குழுவின் விதிதான். அடிக்குறிப்பில் முதல் ஆதாரமாக அவருடைய கார்டின் எண் வரும்.

படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கைத்தடிக் கிழவர் இறங்கிய அதே படி. அன்றைக்கு மேலே நின்று அவருடைய வழுக்கைத் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. அந்தக் கோல் அவருடையதாகவே இருந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வீட்டுக்குப் போனார்.

அந்த வீட்டில் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. சிறையிலிருந்து வந்த வாரமே அத்தான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டார். குளியலறைக்குப் போகிறவர்கள் உள்ளே இருமிக்கொண்டே இருக்கவேண்டும். விருந்தாளிகளுக்கு அக்கா அதை முதலிலேயே சொல்லிவிடுவாள். வாசற்கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க அதன் அடியில் எப்போதும் ஒரு செங்கல். நாற்பது வருடத்தில் ஒரு திருடன்கூட வரவில்லை, வந்தால் உட்காரவைத்துக் காப்பி கொடுத்திருப்போம் என்று அக்கா சொல்வாள்.

அத்தான் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். எழுபத்திரண்டு வயது. நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விடுவது அடுத்த அறைக்குக் கேட்டது. மடியில் அக்காவின் தையல் டப்பா திறந்து கிடந்தது. அந்த டப்பாவைப் பற்றி ஸ்கோர்காரருக்குத் தெரியும். கொடி தைத்தது போக மிஞ்சிய இரண்டு துணித்துண்டு அதில் உண்டு. அத்தான் மாதத்துக்கு ஒருமுறை அக்காவை அறையின் அந்தக் கோடியில் நிற்கவைத்து, ஏதாவது ஒன்றைத் தூக்கிக் காட்டச் சொல்வார். நிறத்தைச் சொல்வார். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. மூன்று கண் டாக்டர்களும் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றுதான் சொன்னார்கள். அவருக்கு அது போதவில்லை.

“வாடா” என்றார் அத்தான். அவர் ஒருநாளும் மச்சினனை வராதே என்று சொன்னதில்லை. விசாரணையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்தப் பெருந்தன்மையைத் தாங்க முடியாமல்தான் ஸ்கோர்காரர் வருடத்துக்கு இரண்டு முறைக்கு மேல் அந்த வீட்டுக்கு வருவதில்லை.

அக்கா காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். மகள் இரவுப் பணி முடித்து வந்து உள்ளே தூங்குகிறாள் என்றாள். ஸ்கோர்காரர் பாதிக் காப்பி குடித்தார். பிறகு டம்ளரைக் கையில் பிடித்தபடியே சொன்னார்.

“அத்தான், அன்னைக்கு நான் கட்டினது சிவப்பு. நீங்க பார்த்தது சரிதான். நான்தான் மாத்திச் சொன்னேன்.”

அத்தான் அவரை நிதானமாகப் பார்த்தார். கோபம் வரும் என்று ஸ்கோர்காரர் எதிர்பார்த்தார், வரட்டும் என்று ஆசைப்பட்டார் என்றுகூடச் சொல்லலாம். அத்தான் கையை நீட்டி அவர் முழங்காலில் தட்டினார்.

“வேணாம்டா. எனக்காக நீ எதுக்கு இப்படியெல்லாம் சொல்லணும்?”

“இல்ல அத்தான், சத்தியமா.”

“பாப்பா வந்து உங்கிட்ட அழுதாளாக்கும்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “கேளு. உள்ள இருந்த முதல் ரெண்டு வருஷம் நானும் சிவப்பு சிவப்புன்னுதான் எல்லார்கிட்டயும் அடிச்சுக்கிட்டேன். அப்புறம் உக்காந்து யோசிச்சேன். போட்டோவுல பச்சை. வெளிய வந்து பார்த்தா புத்தகத்துலயும் பச்சை. நீ ஒரு நம்பரை மாத்திச் சொல்லி நான் பார்த்ததில்ல. உங்கக்காவும் அதைத்தான் சொன்னா, அவன் தப்பு சொல்ல மாட்டான்னு. எல்லாரும் சரின்னா, நான்தானேடா தப்பா பார்த்திருக்கணும்?”

“நீங்க தப்பா பார்க்கல.”

“இருபத்துமூணு பேரு” என்றார் அத்தான். “அதை நான் ஏத்துக்கிட்டு ரொம்ப வருஷம் ஆச்சு. இப்ப வந்து அதை எங்கிட்டேருந்து எடுக்காத. எடுத்தா நான் எதுக்குடா இப்படி வாழ்ந்தேன்?”

அதற்கு ஐம்பது பெட்டியிலும் ஒரு கார்டு இல்லை. அத்தான் டப்பாவை மூடி ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, களைப்பில் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் ஸ்கோர்காரர் அக்காவைப் பார்த்தார். அவள் சமையலறை நிலைப்படியில் நின்றிருந்தாள். தம்பி பொய் சொல்லும்போது அவன் முகம் எப்படி இருக்கும் என்பது தனக்குத் தெரியும் என்று நாற்பத்துநான்கு வருடமாக நம்பியிருந்தவள் அவள். இப்போது அதே முகத்தில் உண்மையைப் பார்த்துவிட்டாள். அவள் கை தானாகப் புடவைத் தலைப்பை இறுக்கிக்கொண்டது. அந்தக் கைதான் மாதம் ஒருமுறை அறைக்கோடியில் நின்று துணியைத் தூக்கிப் பிடித்தது. நல்லாப் பாருங்க, நல்லாப் பாருங்க என்று புருஷனிடம் சொல்லியதும் அவள்தான்.

“விசாரணையில உங்கிட்ட கேட்டாங்க இல்ல?” என்றாள்.

“கேட்டாங்க.”

“அவரு எதிர்ல உக்காந்திருந்தாரு இல்ல?”

“ஆமா.”

அக்கா கிட்டே வந்தாள். அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கினாள். அதில் இன்னும் பாதிக் காப்பி இருந்தது. சமையலறைக்குப் போய்த் தொட்டியில் அதைக் கொட்டும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, வாசலைக் காட்டினாள். அவள் அழுதிருந்தால், திட்டியிருந்தால், செருப்பைத் தூக்கியிருந்தால்கூட அவர் அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

அவர் வெளியே வந்து செருப்பை மாட்டினார். பின்னால் செங்கல் தரையில் உராய்ந்தது. திரும்பிப் பார்த்தபோது கதவு சாத்திக்கொண்டிருந்தது. அந்தக் கதவு மூடியிருந்து அவர் பார்த்ததே இல்லை. மரத்தின் வெளிப்பக்கத்தில், தாழ்ப்பாள் இருந்த இடத்தில், நாலு ஸ்க்ரூ ஓட்டை மட்டும் இருந்தது. உள்ளே ஒரு நாற்காலியை இழுத்துவந்து கதவுக்கு முட்டுக்கொடுக்கும் சத்தம் கேட்டது.

அத்தான் விழித்துக்கொண்டார். மூச்சுத் திணறத் திணற, பதற்றமாக அவருடைய குரல் வந்தது.

“கதவை ஏன் சாத்தின? வெளிய யாரோ நிக்கிறாங்க. தொறந்து விடு.”

“யாரும் இல்ல” என்றாள் அக்கா.